நள்வரவு

“‘நேராக’ன்னு எழுதச் சொன்னா எந்த ர போடுவே?” என்று அத்தை கேட்டார்.

ஜீப் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. மருமகளின் தலை கூரையில் ‘ணங்’ என்று இடித்தது.

“கைக்கு எது வருதோ அது,” என்றாள் அவள், தலையைத் தேய்த்துக்கொண்டே. “ரெண்டு ர கொடுத்திருக்கறதே, ஒண்ணு தேஞ்சு போனா இன்னொண்ணு இருக்கட்டும்னுதானே அத்தை?”

அத்தை சிரிக்கவில்லை. தன் நகைச்சுவைக்கு மாமியார் சிரிக்காமல் இருந்ததை மருமகள் இதற்கு முன் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறாள். இரண்டு தடவையும் பிணம் கிடைத்தது.

அத்தை முப்பது வருஷம் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இழப்பீடு கேட்டு வருகிறவர்களில் யார் புளுகுகிறார்கள் என்று கண்டுபிடிக்கிற வேலை. ஓய்வு பெற்ற மறுவாரமே வீட்டு முன்னறையில் மேசை போட்டுத் துப்பறிய ஆரம்பித்துவிட்டார். மருமகள்தான் உதவியாளர், ஓட்டுநர், வாய் எல்லாம். பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்குத் தொண்டை அடைக்கும். இவளுக்கு வாய் நீளும். இன்று விமானத்திலிருந்து இறங்கியதிலிருந்து அது நீண்டுகொண்டே வந்தது.

ஏனென்றால் இந்தத் தடவை கட்சிக்காரர் என்று யாரும் இல்லை. தேடி வந்திருப்பது அவளுடைய சொந்த அண்ணனை.

அண்ணன் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பிழை திருத்துகிறவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடலைப் பார்த்தபடி ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு கடைசிக் காலத்தைக் கழிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் ஆசை. “வெளிநாட்டில் கடற்கரை மனை! முதல் வரிசை! அலை உங்கள் வாசலில்!” என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட, மனிதன் மயங்கிவிட்டான். அப்பா அம்மா விட்டுப் போன வீட்டை விற்ற தொகை அண்ணன் தங்கை இருவர் பெயரிலும் வங்கியில் கிடந்தது. எடுக்க வேண்டுமென்றால் இருவர் கையெழுத்தும் வேண்டும். “முதல்ல நான் போய்ப் பாத்துட்டு வரேன்,” என்று கிளம்பினான். பத்து நாள் ஆயிற்று. போன் அடித்தால் எடுப்பதில்லை. செய்தி மட்டும் வருகிறது, இரண்டு மூன்று நாளைக்கு ஒன்றாக.

அத்தை அந்தச் செய்திகளைத்தான் மடியில் வைத்துக்கொண்டு படித்தார்.

“நாலு செய்தி. நாலுலயும் ஒவ்வொரு எழுத்துப் பிழை இருக்கு.”

“எங்க?” மருமகள் எட்டிப் பார்த்தாள். இருபது தடவை படித்த செய்திகள். அவள் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தெரியாதுதான். அவள் எழுதினாலும் அப்படித்தான் எழுதியிருப்பாள்.

‘பத்திரமாக வந்து சேர்ந்தேன். தங்குமிடம் வாசதியாக இருக்கிறது.’

‘மனையைப் பார்த்தேன். வாசலிலிருந்து நேறாகக் கடல்.’

‘பத்திரத்துக்கு உன் கையெழுத்தும் தெவை. புறப்பட்டு வா.’

‘நீ வந்தால் பாடகில் ஒரு சுற்று போகலாம்.’

“உங்க அண்ணன் பிழை விடுவானா?”

அண்ணனா? பிழையா? கல்லூரியில் அவள் எழுதி வைத்திருந்த காதல் கடிதம் அவன் கையில் சிக்கியபோது, அவன் கிழிக்கவில்லை, அப்பாவிடம் காட்டவில்லை. சிவப்பு மையில் பதினேழு இடத்தில் திருத்தி, அடியில் பத்துக்கு மூன்று மார்க் போட்டு, அவள் பைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டான். கல்யாண மேடையில் வாழ்த்த ஏறியவன், மாப்பிள்ளை பெயர்ப் பலகையில் ஒற்று விட்டிருக்கிறார்கள் என்று பேனாவை எடுத்தான்.

“அப்ப... இதை எழுதினது?”

“உங்க அண்ணன் இல்ல.”

“அப்ப அண்ணன் எங்க அத்தை?”

அத்தை கைபேசியை அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். பதில் தெரியாதபோது அத்தை ‘தெரியல’ என்று சொல்லிவிடுவார். தெரிந்து சொல்லப் பிடிக்காதபோதுதான் ஜன்னலைப் பார்ப்பார்.

சாலை எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. இரண்டு பக்கமும் சவுக்கு மரம், நடுவில் மணல் தடம். வீடு, கடை, மனிதர் எதுவும் இல்லை. ஜீப் டிரைவர் கட்டைபோல உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தான். மனை வாங்க வருகிறவர்களை ஏற்றி ஏற்றியே ஓர் உடைசல் தமிழ் கற்றுக்கொண்டிருந்தான்.

“அண்ணே, திரும்பிப் போகவும் நீங்கதானே வருவீங்க?” என்று மருமகள் பேச்சுக் கொடுத்தாள்.

“நான் கூட்டிட்டு வருவேன்,” என்றான் டிரைவர், கண்ணாடியில் அவளைப் பார்த்து. “திரும்பக் கூட்டிட்டுப் போனது இல்ல.”

“ஏன், எல்லாரும் நீந்தியே போயிடுவாங்களா?”

டிரைவரும் சிரிக்கவில்லை.

*

மொத்தத் திட்டத்திலும் கட்டி முடிந்த வீடு ஒன்றுதான் இருந்தது. மாதிரி வீடு. ஒரு தளம், மேலே மொட்டை மாடி, அதற்கும் மேலே நாலு தூணில் ஒரு தண்ணீர்த் தொட்டி. மற்றபடி கண்ணுக்கு எட்டிய வரை மணலில் நட்ட குச்சிகளும் அவற்றை இணைத்துக் கட்டிய கயிறும்தான். வாசலில் வெள்ளைப் பலகையில் நீல எழுத்தில் பெரிதாக ‘நள்வரவு’ என்று எழுதியிருந்தது. மருமகளுக்கு அது நன்றாகத்தான் தோன்றியது. அத்தை மட்டும் அதையே இரண்டு நொடி பார்த்தார்.

“வாங்கம்மா, வாங்க வாங்க!”

பல் டாக்டர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். வெள்ளைத் தலை, வெள்ளைச் சட்டை, வாய் நிறைய வரிசை தப்பாத பல். அண்ணன் வாங்க இருந்த மனைக்குப் பக்கத்து மனையை வாங்கியிருக்கும் ஓய்வு பெற்ற பல் மருத்துவர். நிறுவனத்தார் நகரத்தில் இருப்பதால், இந்த வீட்டைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். இந்தப் பத்து நாளில் இரண்டு தடவை அவரே போன் செய்து, “உங்க அண்ணன் சௌக்கியம்மா, சிக்னல்தான் இல்ல,” என்று தேற்றியிருந்தார். இந்த வனாந்தரத்தில் தெரிந்த ஒரே குரல். அவரைப் பார்த்ததும் மருமகளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

“அண்ணன் எங்க டாக்டர்?”

“பதிவு வேலையா டவுனுக்குப் போயிருக்கார். சாயங்காலம் படகுல வந்துடுவார். அதுக்குள்ள நீங்க கையெழுத்தைப் போட்டுட்டா ஒரு வேலை முடிஞ்சுது.” பலகையைக் காட்டி, “நான் எழுதினதுதாம்மா. இங்கயே பிறந்து வளர்ந்தவன். பேச்சு நல்லா வரும். படிப்பு எழுத்துக் கூட்டித்தான்,” என்று பெருமையாகச் சொன்னார்.

உள்ளே கூடத்தில் புழுக்கம் ஆளைத் தள்ளியது. வீட்டுக்குப் பின்னால் ஜெனரேட்டர் ‘தடதட’ என்று காதைக் கிழித்தது. கை கழுவக் குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. “தொட்டியில தண்ணி இல்லம்மா, வாளியில வச்சிருக்கேன் பாருங்க,” என்றார் டாக்டர்.

அத்தை நாற்காலியில் சாய்ந்தார். “நீ போய் மனையைப் பாத்துட்டு வா. எனக்கு டாக்டர்கிட்ட சொந்த விஷயமா ஒண்ணு கேக்கணும்.”

டிரைவர்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். குச்சிகளில் எண் எழுதிய தகரத் துண்டுகள். முப்பது, இருபது, பதினொன்று. தண்ணீர் விளிம்பில் வந்து நின்றான்.

“முதல் வரிசை எங்க?”

அவன் கடலைக் காட்டினான். அலைக்கு நடுவே, இருபது அடி தள்ளி, நாலைந்து குச்சிகள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. அதில் ஒன்றுதான் அண்ணனின் கனவு. அலை வாசலில் என்று விளம்பரம் போட்டவன் ஒரு வகையில் பொய் சொல்லவில்லை.

“கையெழுத்துப் போட்டாச்சா?” என்றான் டிரைவர் திடீரென்று.

“இன்னும் இல்ல.”

“ம்.”

அவ்வளவுதான். ஆனால் அந்த ‘ம்’ அவளுக்குப் பிடிக்கவில்லை. அவன் கையில் ஒரு பெரிய ஸ்பானர் வேறு. கடற்கரையைச் சுற்றிக் காட்ட ஸ்பானர் எதற்கு? அவள் வேகமாகத் திரும்பி நடந்தாள். முக்கால்வாசி ஓட்டம்தான்.

வாசலுக்கு வந்து மூச்சு வாங்க, பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. ‘நள்வரவு’ என்பதில் இருந்த ள்ளின் மேல் ஒரு சின்னச் சாய்கோடு. சிவப்பு மை. அந்த வரிக்கு நேரே பலகையின் ஓரத்தில், நகக்கண் அளவுக்கு, முத்து முத்தான ஓர் எழுத்து.

ல்.

அண்ணா!

எங்கே போனாலும் அவனால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. வந்து இறங்கியதும், வணக்கம் சொல்வதற்கு முன்பே, திருத்தியிருக்கிறான். இங்கே நின்றிருக்கிறான். இதே இடத்தில். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விழுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

*

மேசை மேல் பத்திரமும் வங்கியில் பணம் எடுக்கும் படிவமும் தயாராக இருந்தன. டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “வி... லை... ஒப்... பந்தம்,” என்று விரலால் கூட்டிப் படித்துக் காட்டிவிட்டுப் பேனாவை நீட்டினார்.

மருமகள் பேனாவை வாங்கிக் கீழே வைத்தாள். “ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போடறேன் டாக்டர். பயணம் பண்ணின கை. இப்பப் போட்டா என் கையெழுத்து மாதிரி இருக்காது.”

“தாராளமா!” டாக்டரின் பற்கள் பளிச்சிட்டன. “ஜெனரேட்டர் ஒரு மாதிரி சத்தம் போடுது. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்.”

அவர் போனதும் அவள் அத்தையின் காதோடு காதாகப் பலகை விஷயத்தைக் கொட்டினாள். அத்தையின் புருவம் ஏறியது. கொஞ்ச நேரத்தில் அவள் கையில் இருந்த கைபேசி அதிர்ந்தது. அண்ணனிடமிருந்து.

‘நீ வந்ததில் மகிழ்ச்சி. மாலையில் சந்திப்போம். இன்று கடள் அமைதியாக இருக்கிறது.’

“அத்தை, இதுல ஏதாவது...”

“கடலுக்கு ள போட்டிருக்கு.” அத்தை வாசலைப் பார்த்தார். “அவர் எழுந்து போய் அஞ்சு நிமிஷம் ஆகல, செய்தி வருது. ஆனா எழுத்துக் கூட்டிப் படிக்கற மனுஷனால இவ்வளவு கோர்வையா எழுத முடியாது. அப்ப எழுதினது யாரு?”

மருமகள் அந்த ள்ளையே வெறித்துப் பார்த்தாள். பலகையிலும் ள். ஓரத்தில் ல். அவள் கண் முன்னே அண்ணன் அச்சகத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தான். தப்பின் மேல் ஒரு கோடு. சரியான எழுத்து ஓரத்தில். தப்பின் மேல் ஒரு கோடு. சரியான எழுத்து...

“அத்தை! பிழை திருத்தறவங்க பிழையை எழுத மாட்டாங்க. சரியான எழுத்தைத்தான் ஓரத்துல எழுதுவாங்க. அண்ணன் தெரிஞ்சேதான் தப்பு விட்டிருக்கான். சரியான எழுத்தை மட்டும் சொல்லுங்க. எனக்கு எது சரின்னு தெரியாது. நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்!”

விளம்பரத் தாளின் ஓரத்தில் பேனாவை வைத்தாள். அத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“வசதி. ‘வ’. நேராக. ‘ரா’. தேவை. ‘தே’. படகு. ‘ப’. கடல். ‘ல்’.”

மேலிருந்து கீழாக ஐந்து எழுத்து நின்றது.

“வராதே... பல்,” என்று படித்தாள் மருமகள். வாய் தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. “வராதே, சரி, அதான் வந்து தொலைச்சாச்சு. பல்லா? என்ன பல்லு? சீப்புக்குப் பல்லு, ரம்பத்துக்குப் பல்லு, பூண்டுக்குக்கூட...”

சட்டென்று நின்றது. வாசலில் இரண்டு கையையும் விரித்து வரவேற்ற அந்தப் பல்வரிசை கண் முன்னே வந்தது.

“எனக்கு எத்தனை பல்லு?” என்று அத்தை மெதுவாகக் கேட்டார்.

“இப்ப இது முக்கியமா அத்தை? ஒண்ணுகூடக் கிடையாது. தினமும் டம்ளர்ல பாக்கறேனே.”

“நீ மனையைப் பாக்கப் போனதும், கடைவாய்ப் பல்லு வலிக்குதுன்னு வாயைத் திறந்து காட்டினேன். டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, சொத்தை வேர் வரைக்கும் இறங்கிடுச்சுங்கிறார். செட்டுப் பல்லுக்கு வேர் பாத்த முதல் டாக்டர் இவர்தான்.”

வேறொரு நாளாக இருந்தால் மருமகள் தரையில் விழுந்து புரண்டு சிரித்திருப்பாள். இப்போது பல் தந்தியடித்தது, அவளுக்குத்தான்.

“இன்னொண்ணு. பட்டப்பகல்ல ஜெனரேட்டர் ஓடுது. மேல பாரு. ஃபேன் சுத்துதா? விளக்கு எரியுதா? எதுக்கு ஓடுது? யாரோ கத்தினா நமக்குக் கேக்கக் கூடாதுன்னு ஓடுது.” அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “நான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்மா. எழுதினது உங்க அண்ணன்தான். உயிரோட இருக்கான். பக்கத்துலயே இருக்கான். நீ கையெழுத்துப் போடற வரைக்கும் இருப்பான்.”

“போட்டுட்டா?”

அத்தை ஜன்னலைப் பார்த்தார்.

எங்கே வைத்திருக்கிறார்கள்? ஜெனரேட்டர் கொட்டகையா, படகுக் கொட்டகையா, பின்கட்டா? ஒவ்வொன்றாகத் தேட நேரமில்லை. சத்தம் நின்றால் அவன் ஒரு குரல் கொடுக்க வேண்டும். ஆனால் கொடுக்க மாட்டான். கத்தினால் தங்கை உயிரோடு இருக்க மாட்டாள் என்று மிரட்டித்தானே வாயை அடைத்திருப்பார்கள்? கத்தச் சொல்லி யாராவது சொல்ல வேண்டும்.

“பதில் அனுப்பு,” என்றார் அத்தை. “போன் இப்ப அந்த ஆள் கையில. அந்த ஆளுக்குப் படிக்கணும்னா உங்க அண்ணன்கிட்டத்தான் காட்டணும். அவன் விட்ட மாதிரியே ஒரே ஒரு பிழை. ‘கூப்பிடு’ங்கறதைக் ‘குப்பிடு’ன்னு எழுது. சரியான எழுத்து ‘கூ’. அவனுக்குப் புரியும்.”

வாழ்நாள் முழுக்கத் தெரியாமல் பிழை விட்டவள், முதல் முறையாகத் தெரிந்தே ஒன்றை விட்டாள். அவசர அவசரமாகத் தட்டினாள். ‘சரி அண்ணா. கையெழுத்துப் போட்டதும் குப்பிடு. தண்ணீர் குடித்துக்கொல்.’ அத்தை சரிபார்க்கக் கண்ணாடியைத் தேடுவதற்குள் வெளியே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் அனுப்பிவிட்டாள். சத்தம் படியிலேயே நின்றது. பிறகு திரும்பிப் போனது. செய்தியைக் காட்டத்தான் போகிறான். அவன் மறுபடி வர ஐந்து நிமிஷம் ஆயிற்று.

“என்னம்மா, தண்ணி குடிச்சாச்சா?” டாக்டர் சிரித்துக்கொண்டே நுழைந்தார். “பேனாவை எடுங்க.”

“என் ராசிப் பேனா ஜீப்புல இருக்கு டாக்டர். அதுலதான் போடுவேன். பத்தாவது பாஸ் பண்ணினதே அதாலதான்.” அவள் எழுந்தாள்.

“டாக்டர், அந்தப் பல்லு மறுபடி உயிரை எடுக்குது,” என்று அத்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். “விரலை விட்டுக் கொஞ்சம் அழுத்திப் பாருங்களேன்.”

*

வீட்டின் பின்பக்கம் போனவள், அப்படியே உறைந்தாள். ஜெனரேட்டரின் பக்கத்தில் டிரைவர் குந்தியிருந்தான், ஸ்பானரோடு.

முடிந்தது கதை, என்று நினைத்தாள். ஓடலாமா? எங்கே ஓட? முன்னால் கடல், பின்னால் சவுக்கு. உள்ளே அத்தை.

“இதை நிறுத்துங்க,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. கையால் சைகை காட்டினாள்.

“கையெழுத்து?” என்று அவன் கத்தினான்.

“போடல! போட மாட்டேன்!”

டிரைவர் அவளை மேலும் கீழும் பார்த்தான். எழுந்தான். காதருகே குனிந்து சொன்னான். “போட்டவங்க யாரையும் நான் அப்புறம் பாத்தது இல்ல. கேக்கப் பயம். எனக்குப் பிள்ளைங்க இருக்கு.” சொல்லிவிட்டு, சாவியைத் திருகி ஜெனரேட்டரை நிறுத்தினான்.

உலகமே நின்றுபோனது போல ஓர் அமைதி. அலைச் சத்தம் மட்டும்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் மனசுக்குள் எண்ணினாள். கூப்பிடு அண்ணா. ஏழு. எட்டு. கூப்பிடேன். புரியலியா? பன்னிரண்டு. ஒருவேளை அந்தச் செய்தி அவன் போட்டதில்லையோ? ஒருவேளை அவன்... பதினைந்து. அவள் மணலில் மண்டியிட்டுவிட்டாள். சாமி, சாமி, சாமி.

“யாருடா நிறுத்தினது?” உள்ளே டாக்டரின் குரல். அந்தக் குரலில் இப்போது கனிவு ஒரு துளி இல்லை. அடுத்த கணம் அதே குரல், “ஐயோ! விடு! விடுடி கிழவி!” என்று அலறியது. அத்தை விரலைக் கவ்விவிட்டார். அத்தை ஒன்றைப் பிடித்தால் லேசில் விடமாட்டார், செட்டுப் பல்லானாலும். டிரைவர் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

அப்போதுதான் வந்தது.

“கூ...”

மூடிய பானைக்குள் இருந்து கூப்பிடுவது போல. பக்கத்திலிருந்து அல்ல, கொட்டகையிலிருந்து அல்ல. மேலே இருந்து.

“கூ... கூ...”

தண்ணீர் இல்லாத தொட்டி!

ஸ்டூல் மேல் ஏறினாலே தலைசுற்றுகிறவள் அந்தத் துருப்பிடித்த ஏணியில் எப்படி ஏறினாள் என்று பிறகு அவளாலேயே சொல்ல முடியவில்லை. கீழே ஏதோ உடைந்தது, யாரோ விழுந்தார்கள். அத்தையின் குரல், “கயித்தைக் கொண்டாப்பா!” என்றது. மூடி மேல் வைத்திருந்த கல்லைத் தள்ளினாள். மூடியைப் புரட்டினாள். உள்ளேயிருந்து கொதிக்கும் காற்று முகத்தில் அடித்தது.

அண்ணன் மூலையில் சுருண்டு கிடந்தான். பத்து நாள் தாடி. கால் கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு குடம். தொட்டிச் சுவரில் வேறு யார் யாரோ கீறிய பெயர்கள். மேலே பார்த்தான். வெடித்த உதடு அசைந்தது.

“கூள்னு...” குரல் கரகரத்தது. “கூள்னு ஒரு சொல்லே தமிழ்ல கிடையாதே.”

“என்னண்ணா சொல்றே?”

“‘குப்பிடு’வுல கூ. ‘குடித்துக்கொல்’லுல ள். ரெண்டையும் ஓரத்துல எழுதினா கூள். நீ என்ன சொல்றேன்னு மண்டையை உடைச்சுக்கிட்டே கிடந்தேன். சத்தம் வேற நின்னு போச்சு.”

மருமகளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. அந்தப் பதினைந்து எண்ணிக்கை. மணலில் மண்டியிட்ட அந்தப் பதினைந்து எண்ணிக்கையும் அவள் விட்ட ள்ளால்தான் வந்தது. “ஐயோ, அது நான் வேணும்னு போட்டது இல்லண்ணா. அது... அது என் சொந்தப் பிழை.”

“தெரியுது. அதைப் பாத்துத்தான் கத்தினேன்.” அண்ணன் மூச்சு வாங்கினான். “வெறும் கூ மட்டும் இருந்திருந்தா, அவன் கண்டுபிடிச்சுட்டான், கத்த வச்சுக் கொல்லப் பாக்கறான்னு வாயையே திறந்திருக்க மாட்டேன். ‘குடித்துக்கொல்’ன்னு எழுத இந்த உலகத்துல ஒரே ஒரு ஆளாலதான் முடியும். உன் பிழையாலதான்டி நான் பிழைச்சேன்.”

அவள் தொட்டிக்குள் இறங்கி, அவனைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி கேவிக் கேவி அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அப்ப எனக்கு எத்தனை மார்க்?” என்றாள்.

அண்ணன் யோசித்தான்.

“மூணுதான்,” என்றான்.